டிஸ்க் பிரேக்கும் கடைமடையும்

இடவப்பாதி மழை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. திருவட்டாறிலிருந்து மாத்தூர் தொட்டிப்பாலத்துப் பக்கமாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். மழை விட்டாலும் ரப்பர் மரங்கள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்துச் சாலையில் நூறு மீட்டர் சமதளம் கிடைத்தால் அதிர்ஷ்டம். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். அப்படி ஓர் இறக்கத்தின் அடியில், வளைவைத் தாண்டியதும், ஓர் ஆட்டோ குறுக்கே நின்று திருப்பிக்கொண்டிருந்தது. இரண்டு லீவரையும் சேர்த்துப் பிடித்தேன். முன் பிரேக் முனகிக்கொண்டு கொஞ்சம் பிடித்தது. பின் லீவர் கல்லுப்போல இறுகி நின்றது. ஆனால் பின்சக்கரம் தன்பாட்டுக்குச் சுழன்றுகொண்டே இருந்தது.

செருப்புக் காலைத் தரையில் ஊன்றித் தேய்த்து, ஆட்டோவுக்கு இரண்டு முழம் முன்னால் ஓடைக்குள் இறங்கி நின்றேன். சாயாக் கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்து, "வல்லதும் பற்றிச்சா மக்கா?" என்று, ஏதாவது அடிபட்டதா என்று விசாரித்தார். எனக்கு ஒன்றும் பற்றவில்லை. வலது செருப்புக்குத்தான் அடிப்பாகம் போய்விட்டது.

அன்று சாயங்காலம் ஆரம்பித்த வேலை முடிய மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. நடுவில் செய்த முட்டாள்தனங்களையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவற்றில் இரண்டையாவது நீங்களும் செய்துகொண்டிருக்கக்கூடும்.

சைக்கிள், நாகர்கோவிலில் பழையதாக வாங்கிய 21 கியர் வண்டி. இரண்டு சக்கரத்திலும் 160 மி.மீ. டிஸ்க். டிஸ்க் என்றதும் மோட்டார் பைக்கில் இருப்பதுபோல எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது என்று நினைக்கவேண்டாம். இது ஒயர் டிஸ்க். லீவரைப் பிடித்தால் ஒயர் இழுபடும், ஒயர், டிஸ்க்கைக் கவ்வி நிற்கும் காலிப்பரில் உள்ள கையை, அதாவது ஒரு சின்ன நெம்புகோலை, இழுக்கும், அந்தக் கை திரும்பினால் பேட் என்கிற உரசும் கட்டை டிஸ்க்கை நெருக்கும். அவ்வளவுதான்.

இதில் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம், விலை குறைந்த ஒயர் காலிப்பர் பெரும்பாலானவற்றில் ஒரு பக்கத்துப் பேட் மட்டும்தான் அசையும். வெளிப்பக்கப் பேட் வந்து டிஸ்க்கைத் தள்ளும். டிஸ்க் லேசாக வளைந்து, உள்பக்கத்தில் அசையாமல் நிற்கும் பேட்டில் போய் ஒட்டும். இரண்டுக்கும் நடுவே அகப்பட்டு நிற்கும். அசையாத பேட் டிஸ்க்கிலிருந்து தள்ளி நின்றால், நம் கையின் பலமெல்லாம் டிஸ்க்கை வளைப்பதிலேயே செலவாகிவிடும். அதற்குத்தான் உள்பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது. பேட் தேயத் தேய அதைத் திருகி உள்ளே கொண்டுவரவேண்டும். அந்தத் திருகை நான் வாங்கின நாளிலிருந்து தொட்டதே இல்லை. அது என்னத்துக்கென்றே தெரியாமல் இருந்தேன்.

நான் செய்துவந்தது வேறு. பிரேக் கொஞ்சம் தளர்ந்தால் லீவர் பக்கத்தில் இருக்கும் அட்ஜஸ்டரை இரண்டு சுற்றுத் திருகி ஒயரை இறுக்குவேன். மறுபடி தளர்ந்தால் மறுபடி இரண்டு சுற்று. அது முடிந்தபோது காலிப்பரில் ஒயரைப் பிடித்திருக்கும் போல்ட்டை அவிழ்த்து, குறடால் இழுத்துப் பிடித்து, ஒயரையே குறைத்துக் கட்டினேன். ஒவ்வொரு தடவையும் லீவர் இறுகும், மனசுக்குத் திருப்தியாக இருக்கும், இரண்டு நாள் நன்றாகப் பிடிப்பதுபோலவும் இருக்கும். நம்மூரில் பழைய கம்பி பிரேக் காலத்திலிருந்தே "பிரேக் பிடிக்கல்லியா, இறுக்கு" என்பதுதான் வைத்தியம். ரிம்மில் கட்டை உரசும் பிரேக்குக்கு அது ஓரளவு சரிதான். ஒயர் டிஸ்க்குக்கு அது நேர்மாறான வேலை செய்கிறது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்த இடம்தான் எனக்கே புரிய ரொம்ப நாள் ஆனது.

ஓடையில் இறங்கின அன்று வீட்டுத் திண்ணையில் வைத்து மறுபடி ஒயரை இறுக்கத்தான் குறடை எடுத்தேன். அப்பா வாழைக்குச் சாணி போட்டுவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். சைக்கிள் பழுதுபார்த்தல் அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் சானல் தண்ணி, அதாவது பாசனக் கால்வாய்த் தண்ணீர். எங்களுடையது கடைமடை வயல். பேச்சிப்பாறை டேம் நிறைந்து வழிந்தாலும் எங்களுக்கு வந்து சேர்வது கடைசியாகத்தான், சில வருஷம் சேர்வதே இல்லை. நான் மூச்சுப்பிடித்து ஒயரை இழுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தண்ணி கடைசி வயலுக்கு வரல்லன்னா நீ பேச்சிப்பாறைக்குப் போயி ஷட்டர இன்னும் தூக்குன்னு சொல்லுவியாலே? கடைசியில இருந்து மேல நடந்து பாரு, எங்கண சோருதுன்னு" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சைக்கிளைப் பற்றிச் சொன்னாரா, என்னைப் பற்றிச் சொன்னாரா என்று இப்போதும் சந்தேகம்தான்.

சரி, கடைசியிலிருந்தே பார்ப்போம் என்று குறடைக் கீழே வைத்தேன். கடைமடை என்றால் டிஸ்க்கும் பேட்டும். அதற்கு மேலே காலிப்பரின் கை, அதற்கு மேலே ஒயர், ஒயருக்கு மேலே லீவர்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சின்னச் சோதனை. சக்கரம் சட்டத்தில் நேராக உட்கார்ந்திருக்கிறதா? பஞ்சர் ஒட்டிவிட்டு மாட்டும்போது அச்சு ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் ஏறி நின்றாலும் டிஸ்க் சாய்ந்துவிடும், பிறகு காலிப்பரில் என்ன செய்தாலும் வீண். சைக்கிளைத் தரையில் நிறுத்தி, அச்சின் பிடியைத் தளர்த்தி, எடை முழுவதும் சக்கரத்தின்மேல் இறங்க அழுத்திவிட்டு மறுபடி பூட்டினேன். என் வண்டியில் அது சரியாகத்தான் இருந்தது.

அடுத்து, ஒயரைக் காலிப்பரிலிருந்து முழுசாக அவிழ்த்துவிட்டேன். இப்போது லீவரும் ஒயரும் கணக்கில் இல்லை. பின்சக்கரத்தைத் தூக்கிவைத்து, காலிப்பரின் கையைப் பெருவிரலால் முடிந்தமட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் டயரைத் திருப்பிப் பார்த்தேன். பேட் சரியாக இருந்தால் சக்கரம் நின்றுவிடவேண்டும், அல்லது நல்ல வம்பு பண்ணவேண்டும். என் சக்கரமோ வெண்ணெயில் கத்தி போவதுபோலச் சுற்றியது. ஆக, கோளாறு கடைமடையிலேயே இருக்கிறது. ஒயரை இறுக்கி என்ன பயன்? இந்தச் சோதனைக்கு 5 மி.மீ. அலன் கீ ஒன்று போதும், இரண்டு நிமிஷம். மூன்று மாதமாக நான் செய்த இறுக்கல் வேலைக்கு முன்னால் இதைச் செய்திருக்கவேண்டும். (டயரைத்தான் திருப்பவேண்டும். சுற்றும் டிஸ்க்கின் துளைகளில் விரல் மாட்டினால் விரல் போய்விடும். இறக்கம் இறங்கி வந்த சூட்டோடு டிஸ்க்கைத் தொட்டாலும் தோல் ஒட்டிக்கொள்ளும்.)

சக்கரத்தைக் கழற்றிப் பேட்டுகளை வெளியே எடுத்தேன். அசையும் பேட்டில் உரசும் பொருள் 1 மி.மீ. போலத்தான் மிச்சம். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனம் 0.5 மி.மீ. வந்ததும் மாற்றச் சொல்கிறது. அந்தக் கணக்குப்படி இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கலாம். ஆனால் பேட்டின் முகம் கறுப்புக் கண்ணாடிபோலப் பளபளத்தது. நல்ல பேட் சிமெண்ட் தரைபோலச் சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும். டிஸ்க்கை ஒரு வெள்ளைத் தாளால் துடைத்தேன். தாளில் பழுப்பாக ஒரு பிசுக்கு. மூக்கருகே கொண்டுபோனேன். அந்த வாசனை எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை.

செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே. மழைக்கு முன்னால் செயினைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று திண்ணையில் வைத்து, காற்றடிக்கிற நேரத்தில், தாராளமாக அடித்திருந்தேன். செயின் வலப்பக்கம், டிஸ்க் இடப்பக்கம். ஸ்பிரேயின் புகைக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது, கம்பிகளுக்கு நடுவே போய் மறுபக்கம் படிந்துவிடும். அது போதாதென்று, செயினைத் துடைத்த அதே பழைய சாரத் துணியால், டிஸ்க்கிலும் தூசி இருக்கிறதே என்று பாசமாக ஒரு துடை துடைத்தது நினைவுக்கு வந்தது. யாரைத் திட்ட? சவம், நான்தான்.

டிஸ்க்கைச் சுத்தம் பண்ணுவது எளிது. பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவிக் காயவைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கவேண்டும். மார்த்தாண்டத்தில் மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருப்பார்கள், கேட்டால் கிடைக்கும். கைக்குத் தடவும் சானிடைசர் வேண்டாம். அதில் கிளிசரின் கலந்திருக்கும், ஆல்கஹால் ஆவியானபின் அது டிஸ்க்கிலேயே தங்கிவிடும். மண்ணெண்ணெயும் அப்படித்தான், போன மாதிரி தெரியும், படலம் விட்டுப்போகும். துணி புதுசாக இருக்கட்டும். ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் வேறு பக்கம். வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைத்தேன், ஆறேழு தடவை ஆனது.

பேட்தான் பிரச்சினை. இவை ரெசின் பேட்டுகள், அதாவது நார், தூள் எல்லாம் பிசினில் சேர்த்து அழுத்திச் செய்தவை. எண்ணெயை உறிஞ்சிவைத்துக்கொள்ளும். உப்புத்தாளைக் கண்ணாடிமேல் விரித்து, பேட்டை எட்டு வடிவில் தேய்த்து, பளபளப்பு போகும்வரை எடுத்தேன். சொரசொரப்பு வந்தது. மாட்டினேன். கையால் தள்ளிப் பார்த்தேன், பிடித்தது! வெற்றி என்று நினைத்துத் திருவட்டாறு கோவில்வரை ஒரு சுற்றுப் போய்வந்தேன். திரும்பி வருவதற்குள் சூடேறி, உள்ளே இருந்த எண்ணெய் மேலே கசிந்து, பழைய கதை. அதோடு ஊரே திரும்பிப் பார்க்கிற ஒரு கீச்சுச் சத்தமும் புதிதாகச் சேர்ந்தது.

அடுப்பில் வாட்டினால் எண்ணெய் எரிந்துபோகும் என்று பலர் சொல்வார்கள். செய்துபார்த்தேன். சமையலறையில் அல்ல, கொல்லையில், மூன்று கல் கூட்டி, துருப்பிடித்த பழைய தகரத் துண்டின்மேல். புகை வந்தது, நாற்றம் வந்தது, அம்மா வந்தார். வாட்டித் தேய்த்து மாட்டியதும் முன்னைவிட நன்றாகப் பிடித்தது. இரண்டு நாள். மூன்றாம் நாள் மழையில் நனைந்ததும் மறுபடி வழுக்கல். எண்ணெய் ஆழமாக இறங்கிய ரெசின் பேட்டைக் காப்பாற்ற முடியாது என்பது என் தீர்மானம். மேலோட்டமாகப் பட்டிருந்தால் ஒருவேளை முடியலாம். பேட் விலையையும் என் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் தராசில் வைத்தால் பேட்தான் மலிவு.

புதுப் பேட் வாங்க நாகர்கோவில் போனபோது பழையதைக் கையோடு கொண்டுபோனேன். இது முக்கியம். டிஸ்க் பேட்டுகளின் வடிவம் காலிப்பருக்குக் காலிப்பர் மாறும். வட்டமாக, சதுரமாக, காது வைத்து, காது இல்லாமல் என்று பத்து விதம் தொங்குகிறது. பார்த்தால் ஒன்றுபோல இருக்கும், உள்ளே போகாது. ரெசினா, உலோகத் தூளில் செய்த சிண்டர்டு பேட்டா என்று கடைக்காரர் கேட்டார். சிண்டர்டு பேட் மழையிலும் சேற்றிலும் சீக்கிரம் தேயாது, எங்கள் ஊருக்கு ஏற்றதுதான். ஆனால் ஆரம்பப் பிடி சற்றுக் குறைவு, சத்தம் அதிகம், டிஸ்க்கும் அதைத் தாங்கக்கூடியதாக இருக்கவேண்டும். விலை குறைந்த டிஸ்க்குகள் பலவற்றில் ரெசின் பேட் மட்டும் என்று ஆங்கிலத்தில் பொறித்தே இருக்கும். என் பின் டிஸ்க்கிலும் அழுக்கைச் சுரண்டிப் பார்த்தபோது அந்த எழுத்து தெரிந்தது. ரெசினே வாங்கினேன்.

டிஸ்க்கின் கனத்தையும் பார்த்துவிட்டேன். புதிதில் 1.8 மி.மீ. இருக்கும், 1.5 ஆனால் மாற்றவேண்டும் என்பது ஷிமானோ கணக்கு. லேத் பட்டறையில் இருக்கும் நண்பனிடம் வெர்னியர் வாங்கி அளந்தேன். ஓர் எச்சரிக்கை: டிஸ்க்கின் விளிம்பில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள், அங்கே தேய்வதில்லை. பேட் உரசும் பட்டைக்குள் வெர்னியரின் முனை போகவேண்டும். பின் டிஸ்க் 1.7. பிரச்சினை இல்லை.

புதுப் பேட், சுத்தமான டிஸ்க். ஒயர் இல்லாமல் கையால் தள்ளினால் சக்கரம் கப்பென்று நின்றது. ஒயரை மாட்டி லீவரைப் பிடித்தேன். பிடித்தது, ஆனால் சோம்பலாக. லீவரை விட்டால் உடனே திரும்பாமல், யோசித்து யோசித்துத் திரும்பியது. அடுத்த மடைக்கு ஏறவேண்டியிருந்தது.

இங்கே ஓர் ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது. என் மருமகனை லீவரைப் பிடித்து விடச் சொல்லிவிட்டு, நான் ஒயர் போகிற வழியெல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். ஹேண்டில் பாரிலிருந்து சட்டம்வரை உள்ள அவுட்டர் (ஒயர் உள்ளே ஓடும் வெளிக்குழாய்), பிறகு சட்டத்தின் அடியில் வெறும் ஒயர், பிறகு காலிப்பருக்கு வளைந்துபோகும் கடைசித் துண்டு அவுட்டர். பிடிக்கும்போதெல்லாம் அந்தக் கடைசித் துண்டு பாம்பு மூச்சுவிடுவதுபோல நெளிந்தது. அதன் முனையில் இருக்கும் தொப்பியை எடுத்துப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது. அவுட்டருக்குள்ளிருந்து நாலைந்து கம்பிகள் தொப்பியின் வாயைப் பிளந்துகொண்டு நீட்டிக்கொண்டிருந்தன.

அது பிரேக் அவுட்டரே இல்லை, கியர் அவுட்டர். முன்னே வைத்திருந்தவர் மாற்றினாரா, எந்தக் கடையில் மாட்டிவிட்டார்களோ தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புக் குழாய். உள்ளே பார்த்தால்தான் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். பிரேக் அவுட்டரில் தட்டைக் கம்பி ஸ்பிரிங்போலச் சுற்றிச் சுற்றி இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் நசுங்குமே தவிரப் பிளக்காது. சாதாரணக் கியர் அவுட்டரில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில், தென்னை ஈர்க்குக் கட்டுபோல, அடுக்கியிருக்கும். கியர் துல்லியமாக விழ அது நல்லது. பிரேக்கின் இழுப்பைத் தாங்க அதைச் செய்யவில்லை. அவசரமாக அழுத்திப் பிடிக்கும் அந்த ஒரு நொடியில் கட்டு பிரிந்து வெடித்தால் லீவர் வெறுங்கையாகிவிடும். எந்த நேரத்தில் அவசரமாகப் பிடிப்போமோ அந்த நேரத்தில்தான் அது நடக்கும். உங்கள் வண்டியில் வேறெதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள். பிரேக் அவுட்டர் பொதுவாக 5 மி.மீ. தடிமன், கியர் அவுட்டர் பெரும்பாலும் 4. உள்ளே ஓடும் பிரேக் ஒயர் 1.5 அல்லது 1.6 மி.மீ., கியர் ஒயர் 1.2 அல்லது அதற்கும் கீழே. ஒல்லிக் குழாயில் தடித்த ஒயர் முக்கி முனகி ஓடினதால்தான் லீவர் யோசித்து யோசித்துத் திரும்பியிருக்கிறது.

ஒயரை உருவினால் கடைசி ஒரு சாண் நீளம் துருவேறி, செம்மண் நிறத்தில் வந்தது. வளைவின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். இங்கே ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, நடுவில் கடற்கரைப் பக்கம் போய்வந்தால் உப்புக்காற்று வேறு. முட்டம், குளச்சல் பக்கம் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஒயரை மாற்றிவிடுவதே நல்லது என்பேன்.

புது அவுட்டரை வெட்டுவதற்குத் தனிக் கட்டர் என்னிடம் இல்லை. சாதாரணக் கட்டிங் பிளேயரால் வெட்டினால் வாய் நசுங்கி, கம்பி ஒரு கொக்கிபோல உள்ளே மடங்கும். அந்தக் கொக்கி ஒயரை அறுத்துக்கொண்டே இருக்கும். அரத்தால் முனையைத் தட்டையாக ராவி, உள்குழாயின் வாயைக் கோணி ஊசியால் குத்தி வட்டமாக்கினேன். தொப்பி ஆடாமல் நேராக உட்காரவேண்டும். முனை சாய்வாக இருந்தால் ஒவ்வொரு பிடிக்கும் அது நேராகப் பார்க்கும், அந்த அசைவெல்லாம் நம் லீவரிலிருந்து களவுபோவதுதான். நீளமும் அப்படி. ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்பும் அளவுக்கு இருந்தால் போதும், அதற்கு மேல் சுருட்டி வைத்த ஒவ்வொரு சாணும் நசுங்கி வீணாகும்.

லீவர் பொருந்தாததோ என்ற சந்தேகமும் வந்தது. நேரான ஹேண்டில் பாருக்கான ஒயர் டிஸ்க்குகள் பெரும்பாலும் வி-பிரேக் லீவரோடு சேரும்படி, அதாவது அதிக நீளம் ஒயர் இழுக்கிற லீவருக்காகச் செய்யப்படுகின்றன. வளைந்த கொம்பு ஹேண்டில் வண்டிக்கானவை குறைவாக இழுக்கிற லீவருக்கு. இரண்டும் மாறிப்போனால் எவ்வளவு சரிபண்ணினாலும் சேராது. என்னுடையது பொருத்தமானதுதான், விட்டுவிட்டேன்.

இனி, முன்னே சொல்லாமல் விட்ட விஷயம். ஒயரை இறுக்குவது ஏன் தப்பு?

பழைய காலிப்பர் ஒன்றை ஆக்கர் கடையிலிருந்து, அதாவது பழைய இரும்புக் கடையிலிருந்து, வாங்கிப் பிரித்துப் பார்த்தபிறகுதான் எனக்கு விளங்கியது. உள்ளே சாய்வான பள்ளங்களில் மூன்று குண்டுகள் இருக்கின்றன. கை திரும்பினால் குண்டுகள் சாய்வில் ஏறும், ஏறும்போது பேட்டை முன்னால் தள்ளும். கை திரும்புவதற்கு ஓர் எல்லை உண்டு, சாய்வு அவ்வளவுதான் நீளம். பிரேக் பிடிக்காத நேரத்தில் கை முழுசாகப் பின்னால் போய் ஓய்வாக நிற்கவேண்டும். அப்போதுதான் முழு ஓட்டமும் நம் கைவசம் இருக்கும். நான் ஒயரை இறுக்க இறுக்க, லீவரைத் தொடாமலேயே கை பாதி தூரம் திரும்பி நின்றது. மிச்சப் பாதியில் தேய்ந்த பேட் டிஸ்க்கைத் தொட்டு, அழுத்த ஆரம்பிக்கும் முன்பே கை தன் எல்லையில் போய் இடித்துவிட்டது. லீவர் கல்லுப்போல இறுகியது அதனால்தான். பேட் டிஸ்க்கில் அழுந்தி வந்த இறுக்கம் அல்ல அது, இரும்பு இரும்பில் இடித்த இறுக்கம். என் விரல் அதைப் பிடி என்று நம்பிவிட்டது.

அதற்கு மேல், கையும் ஒயரும் சேரும் கோணம் வேறு. பேட் அழுத்துகிற நேரத்தில் இரண்டும் கிட்டத்தட்டச் செங்குத்தாக இருந்தால் இழுப்பு முழுசாகக் கையைத் திருப்பும். கை ஏற்கெனவே பாதி திரும்பிவிட்டால் அந்தக் கோணம் தாண்டிப்போய், இழுப்பில் ஒரு பங்கு வீணாகிறது. ஷட்டரைத் தூக்கினேன், தண்ணியும் வந்தது, எல்லாம் நடுவிலேயே போயிற்று.

ஆகவே சரியான வரிசை தலைகீழானது. முதலில் லீவரில் உள்ள அட்ஜஸ்டரை முழுசாக உள்ளே திருகிவிட்டு, ஒரு சுற்று மட்டும் வெளியே எடுத்தேன். உள்பக்க அசையாத பேட்டை அதன் திருகால் டிஸ்க்கைத் தொடும்வரை கொண்டுவந்தேன். காலிப்பரைச் சட்டத்தில் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளையும் காலிப்பர் ஆடுமளவுக்குத் தளர்த்தினேன். கை முழு ஓய்வில் இருக்க, ஒயரைத் தொய்வு எடுத்து மட்டும், இழுத்து அல்ல, போல்ட்டில் பூட்டினேன். பிறகு லீவரைப் பிடித்து, ஒரு ரப்பர் பேண்டால் கட்டிவிட்டு, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கினேன். கடைசிக் கால் சுற்றில் போல்ட் தன்னோடு காலிப்பரையும் திருப்பப் பார்க்கும். மறுகையால் காலிப்பரை அசையாமல் பிடித்துக்கொள்ளவேண்டும். நான் இரண்டு தடவை இந்த இடத்தில் தோற்றேன்.

அசையாத பேட்டை முதலில் டிஸ்க்கோடு சேர்த்து வைப்பது ஏன் என்றால், தள்ளி வைத்துவிட்டு லீவரைப் பிடித்தால், டிஸ்க் வளைந்து நிற்கும் நிலையில் காலிப்பர் பூட்டிக்கொள்ளும். லீவரை விட்டதும் டிஸ்க் நேராகும், காலிப்பர் கோணலாக நிற்கும். இரண்டு பேட்டும் அசைகிற காலிப்பருக்குச் சொல்லும் முறையை இதற்கு அப்படியே செய்தால் இப்படித்தான் ஆகும்.

ரப்பர் பேண்டை எடுத்துவிட்டு, உள்பேட்டின் திருகை இரண்டு கிளிக் பின்னால் விட்டேன். காலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் டிஸ்க்கின் இரு பக்கமும் மயிரிழை வெளிச்சம் தெரியும். உள்பக்கம் விசிட்டிங் கார்டு கனம்கூட வேண்டாம், உரசாமல் இருந்தால் போதும். ஓரிடத்தில் மட்டும் உரசினால் டிஸ்க்தான் கோணல். சுத்தமான துணியைச் சுற்றிய ஸ்பேனரால் அந்த இடத்தைப் பைய எதிர்ப்பக்கம் வளைக்கலாம். பைய என்றால் பைய. ஒரு தடவை அதிகமாக அழுத்தி, சரியாக இருந்த இடத்தையும் கெடுத்து, அரை மணி நேரம் போனது.

புதுப் பேட்டைப் பழக்கவேண்டும், மாட்டினதும் பிடிக்காது. பேட்டின் பொருள் டிஸ்க்கில் மெல்லிய படலமாக ஏறினால்தான் பிடி வரும். சானல் கரை ரோட்டில் கொஞ்ச தூரம் சமதளம் உண்டு, போக்குவரத்தும் குறைவு. அங்கே போய் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஓட்டி, சக்கரம் பூட்டாமல், நடை வேகம் வரும்வரை சீராகப் பிடித்து விட்டேன். முழுசாக நிறுத்தக்கூடாது, சூடான பேட் ஒரே இடத்தில் ஒட்டித் திட்டாகிவிடும். இருபது, இருபத்தைந்து தடவை. முதல் ஐந்தில் ஒன்றுமே தெரியவில்லை, மனம் சோர்ந்தது. பத்துக்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் வித்தியாசம் தெரிந்தது. சானலில் குளித்துக்கொண்டிருந்த பையன்கள், இந்த ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வேடிக்கை பார்த்தார்கள்.

பேட்டைத் தொடுமுன்னே, பின் பிரேக்கை மட்டும் பிடித்து நிற்க எவ்வளவு தூரம் ஆகிறது என்று அதே ரோட்டில், போனில் வேகம் பார்த்துக்கொண்டு, 20 கி.மீ. வேகத்திலிருந்து அளந்துவைத்திருந்தேன். காலால் எட்டு வைத்து அளந்ததில் 17 எட்டு. எல்லாம் முடிந்தபின் 7 எட்டு. பின் பிரேக் மட்டும் பிடித்தால் இதற்குக் கீழே பெரிதாகப் போகாது. பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பின்சக்கரம் லேசாகி வழுக்க ஆரம்பிக்கும். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு எப்போதும் முன் பிரேக்குடையது.

அந்த முன் பிரேக்கில் ஒயரும் அவுட்டரும் நல்லவை, நீளமும் குறைவு. அசையாத பேட்டை மூன்று கிளிக் உள்ளே கொண்டுவந்ததிலேயே பாதி சரியாகிவிட்டது. டிஸ்க்தான் 1.6 மி.மீ.க்கு வந்துவிட்டது. காலையில் பனி ஈரத்தோடு எடுத்தால் முதல் இரண்டு பிடிக்கு அன்னப்பறவைபோலக் கத்துகிறது, காய்ந்ததும் நின்றுவிடுகிறது. ஐப்பசி மழைக்குள் மாற்றவேண்டும்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். "மாமா, பிரேக்கு பிடிக்கல்ல. கொஞ்சம் இறுக்கித் தருவியளா?" அட்ஜஸ்டர் கடைசி மரைவரை வெளியே வந்து, விழுந்துவிடும்போல நின்றது. அதை முதலில் முழுசாக உள்ளே திருகினேன். பையன் முகம் போன போக்கைப் பார்த்து அப்பா திண்ணையிலிருந்து சிரித்தார். கடைசித் துண்டு அவுட்டரின் தொப்பியைக் கழற்றிப் பார்த்தேன். அதிலும் ஈர்க்குக் கட்டுதான்.